இளைப்பாறின காசு: பாவித்துப் பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

யாழ்ப்பாணத்தில் தனியார் கம்பனியில் வேலை செய்து இளைப்பாறினவனுக்கு மாதாமாதம் பென்சன் வராது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை என்று மூன்று தொகை வரும். மிச்சக் காலம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். என் மனிசி அரசாங்க ஆசிரியையாக இருந்தவள். அவளுக்குப் பென்சன் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. நான் 2020க்கு முன்னரே இளைப்பாறினவன். நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்), யூனிட் ட்ரஸ்ட் (பல பேரின் காசைச் சேர்த்து முதலிடும் நிதி), கொஞ்சம் பங்கு, வீட்டில் இருந்த பவுண் எல்லாவற்றோடும் 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்த அனுபவம் இது.

முதலில் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளம் 60,000 என்றால் மாதம் 12,000 ஒரு பக்கம், 1,800 இன்னொரு பக்கம் சேரும். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். இடையில் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. வைத்தியத்துக்கு எடுத்தவர்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். மேல்மாடி கட்ட எடுத்தவர்கள் பலர் இப்போது அந்த மேல்மாடிக்கு வாடகைக்கு ஆள் தேடுகிறார்கள்.

பணிக்கொடையைப் பற்றி இங்கே கன பேருக்குச் சரியாகத் தெரியாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 60,000 சம்பளத்தில் 20 வருடம் என்றால் ஆறு லட்சம். "கடை ஓனர் நல்ல மனிசன், ஏதாவது தருவார்" என்று காத்திருக்கத் தேவையில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள உரிமை அது.

காசை எடுக்கப் போகும்போது எங்கள் ஆட்களை மறிப்பது பெரும்பாலும் பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, முதல் கம்பனி அனுப்பிய படிவத்தில் மூன்றாவது. ஒன்றில் 'வி', மற்றதில் 'டபிள்யூ'. அப்பாவின் பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், ஒன்றில் இராது. பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம சேவகரிடம் கடிதம் என்று அலைச்சல். இரண்டு மூன்று இடத்தில் வேலை செய்தவர்களுக்கு உறுப்பினர் இலக்கமும் இரண்டு மூன்று இருக்கும். 55க்குக் காத்திராமல் 45இலேயே எல்லாவற்றையும் ஒரே பெயரில் கொண்டுவந்து விடுவது நல்லது. வேலையில் இருக்கும்போது கேட்டால் கம்பனியும் கையெழுத்து வைத்துத் தரும். விட்டு வந்த பிறகு யார் தருவது?

சரி, காசு கைக்கு வந்துவிட்டது. அந்த மாதம் வீட்டுக்கு வந்துபோன ஆட்களை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சொந்தக்காரத் தம்பி ஒருவர் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

"அண்ணை, நூற்றுக்கு நாலு மாதவட்டி தாறன். பாங்கிலை கிடந்தென்ன பிரயோசனம்?"

"தம்பி, வருசத்துக்கு நாற்பத்தெட்டு வீதம் தாற வியாபாரம் எண்டால் பாங்கே உமக்குக் கடன் தருமே?"

அவருக்கு என்னில் கோபம்தான். பிறகு நல்லூர்த் திருவிழாவில் கண்டபோது சிரித்தார். உறவுக்குள் காசு கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுத்தால் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு, வராவிட்டாலும் சமாளிக்கக்கூடிய தொகையை மட்டும் கொடுக்கலாம். சீட்டும் அப்படித்தான். பிடிக்கிறவர் ஊரில் இருக்கும்வரைதான் அது சீட்டு. ஆளைச் சேர்த்தால் காசு என்று வருகிற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டவை. அவற்றைப் பற்றிக் கதைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வங்கி அல்லாத நிதிக் கம்பனிகள் இரண்டு வீதம் போலக் கூட வட்டி தருவதற்கும் காரணம் இருக்கிறது, ஆபத்தும் கூட. 2020இல் மத்திய வங்கி சில நிதிக் கம்பனிகளின் உரிமத்தையே ரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு வீதக் கூடுதல் வட்டி என்ன விலைக்கு வந்தது என்று அப்போது தெரிந்திருக்கும். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. நான் பெரும்பங்கை அங்கும் திறைசேரி உண்டியலிலும் வைத்தேன்.

நிலையான வைப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இளைப்பாறின காசு என்றாலே அதுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்கு வந்தது. அதற்கு முந்திய வருடம் ஒற்றை இலக்க வட்டிக்குப் போட்டவர்களின் காசு எண்ணிக்கையில் குறையவில்லை, சந்தையில் குறைந்தது. அந்த வருடமே வட்டியும் ஏறியது. வருட முடிவில் 364 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 29 வீதத்தைச் சுற்றி இருந்தது; வங்கிகளில் ஒரு வருட வைப்புக்கு 25 வீதத்தைச் சுற்றிக் கொடுத்தார்கள்.

அப்போது நடந்ததைக் கவனியுங்கள். 50 லட்சம் வைத்திருந்தவருக்கு 25 வீதத்தில் வருடம் 12 லட்சத்து 50 ஆயிரம், அதாவது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். அதை நம்பிச் சிலர் வாகனத் தவணை எடுத்தார்கள், சிலர் பேரப்பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றார்கள். 2024இல் அதே வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி 8 வீதத்தைச் சுற்றி. வருடம் 4 லட்சம், மாதம் 33,000 சொச்சம். முதல் அப்படியே இருக்கிறது, வீட்டுச் செலவு மட்டும் மூன்றில் ஒன்றாக வேண்டும். வட்டி இறங்கும் என்று யாரும் எண்ணவில்லை. எல்லாரும் ஒரு வருடத்துக்கே போட்டார்கள், ஏனென்றால் அந்த நேரம் ஒரு வருட வட்டிதான் கூட, ஐந்து வருட வட்டி குறைவு.

நான் காசை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கு முதிர்கிற மாதிரி வைத்திருந்தேன். அதனால் 2022இல் முழுக்காசும் குறைந்த வட்டியில் மாட்டவில்லை. அந்த வருட முடிவில் முதிர்ந்த பங்கை ஐந்து வருடத்துக்குப் போட்டேன். பாங்கில் இருந்த பிள்ளை, "ஐயா, ஒரு வருசத்துக்குப் போட்டால் கூட வரும்" என்று இரண்டு தரம் சொன்னது. அந்த ஐந்து வருட வட்டி இன்றைக்கும் ஓடுகிறது. மற்றப்படி குறைந்த வட்டியில் கிடந்த பங்குகள் 2022இல் அடி வாங்கத்தான் செய்தன. இப்படிப் பிரித்து வைப்பது அதிலிருந்து காப்பாற்றாது.

ஆறு மாதச் செலவுக்கான காசு பணச்சந்தை யூனிட் ட்ரஸ்டில் இருக்கிறது. அவசரத்துக்கு வைப்பை உடைத்து வட்டியை இழக்கத் தேவையில்லாமல் போனது. அவசரம் என்றால் நான் நினைப்பது ஆஸ்பத்திரியைத்தான்.

பங்கில் சிறு பகுதிதான். கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டி, ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே வந்து, 2025இல் 20,000ஐக் கடந்தது. விற்கத் தேவையில்லாத காசு என்பதால் எனக்குப் பார்த்துக்கொண்டு இருக்க முடிந்தது. மாதச் செலவுக்கு அதை நம்பியிருந்தால் அந்த ஏப்ரலிலேயே விற்றிருப்பேன்.

பவுண் விலை 2021இல் ஒரு லட்சத்துச் சொச்சம். 2025இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. என்னிடம் இருந்தவற்றில் அதுதான் கூட ஏறியது. ஆனால் மகளின் தாலிக்கொடியையும் மனிசியின் சங்கிலியையும் யார் விற்பது? விற்கப் போனாலும் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. இடம்பெயர்வுகளில் பவுண் காப்பாற்றிய குடும்பங்களைக் கண்டவன் என்பதால் அதைக் குறைத்துச் சொல்லவும் மனம் வராது. காணியும் அப்படித்தான் பெருமை. இரண்டு பரப்பு இருந்தாலும் பங்குக்காணி என்றால் விற்கும்போது தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்னுரிமை உண்டு. அவர்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் பாரிஸில் என்றால் வைத்தியச் செலவுக்கு அந்தக் காணி உதவாது.

கடைசியாக இரண்டு கடதாசி. வட்டியில் பிடிக்கிற வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. வருட வருமானம் 18 லட்சத்துக்கு மேல் போகாதவர்கள் பாங்கில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். கேட்டால்தான் தருவார்கள், ஒவ்வொரு பாங்கிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மற்றது பின்னுரித்தாளி, அதாவது நாங்கள் செத்த பிறகு காசைப் பெற வேண்டியவர். கலியாணத்துக்கு முன் சேமலாப நிதியில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே கன பேர். நான் மனிசியின் பெயருக்கு மாற்றி, வைப்புக்கணக்குகளை இருவரில் எவரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சாவி எங்கே என்று மகளுக்கும் தெரியும்.