கல்மண்டபம் மாடியில் ஒரு பயிற்சி நிலையம்: நைனா மறுபடி படிக்கிறார்

நைனா காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் மீன் ஏலக் கணக்கு எழுதியவர். மாசியில் பக்கவாதம் வந்தது. கை கால் விழவில்லை, பேச்சும் தெளிவு. நான்காம் நாள் பழைய நோட்டைக் கேட்டு வாங்கி, 'சங்கரா 12 கூடை' என்று எழுதினார். அதே முத்துமுத்தான கையெழுத்து. சற்று நேரம் கழித்து அந்த வரியை என்னிடம் நீட்டி, "12 தெரிகிறது, மற்றதெல்லாம் வெறும் கோடாக இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது?" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

முதலில் போன இடத்தில் மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீண். அந்த ஆற்றாமை இன்னும் எனக்குத் தீரவில்லை.

கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில், பக்கவாதம் வந்தவர்களுக்கு மொழிப் பயிற்சி தரும் அம்மாதான் ஸ்கேனைக் காட்டிப் புரியவைத்தார். கண் கண்ட எழுத்தை வாங்குவது மூளையின் பின்மடல். எழுதும்போது விரலின் அசைவைத் திட்டமிடுவதில் இடது முன்மடலுக்குப் பங்கு உண்டு. 1881இல் வியன்னாவின் உடலியல் அறிஞர் எக்ஸ்னர் எழுத்துக்கென்று சுட்டிய இடம் அங்கேதான். நைனாவுக்கு இடது பின்மடலும், வலது மூளை கண்டதை இடது பக்கத்து மொழிப் பகுதிக்குக் கடத்தும் நரம்புப் பாலத்தின் பின்நுனியும் பழுது. எழுதும் வழி தப்பித்தது, படிக்கும் வழி அறுந்தது. பாரிசில் டெஜெரின் என்ற மருத்துவர் 1892லேயே இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பயிற்சி எளிமையானது. உள்ளங்கை அகல எழுத்தை வைத்து, "ஐயா, கண்ணை நம்ப வேண்டாம். விரலால் அதன் மேலேயே எழுதிப் பாருங்கள்" என்றார். 'ழ'வின் கீழ்ச்சுழியை முடிப்பதற்குள் நைனா "ழ!" என்று கூவிவிட்டார். கைக்குத் தெரிந்த அசைவின் வழியாக எழுத்து மூளைக்குள் போகிறது. 'ண'வும் 'ன'வும் மட்டும் நெடுநாள் படுத்தின. சுழியை எண்ணித் தவறுவார், மறுபடி தொடங்குவார், அந்த அம்மா ஒருமுறைகூட அவசரப்படுத்தியதில்லை.

நான்கு மாதத்தில், தொடையில் விரலை ஓட்டியபடி நாளிதழ்த் தலைப்பைப் படிக்கிறார். ஒரு தலைப்புக்கு இரண்டு நிமிடம் ஆகும். பஸ்ஸுக்கு எண்ணைப் பார்த்து ஏறிவிடுகிறார்.

முக்கால் மணி நேரத்துக்கு 350 ரூபாய். கொடுத்த காசு வீண்போகவில்லை. குறை ஒன்று உண்டு: மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. இந்த நோயில் வலப்பக்கப் பார்வையும் பெரும்பாலும் போய்விடும். அழைத்துச் செல்பவர்கள் வலப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். அவசியம் கைப்பிடி வைக்க வேண்டும், நேரிலும் சொல்லிவிட்டேன்.

போகும்போது அவரவர் எழுதிய பழைய நோட்டு ஒன்றைக் கொண்டு போங்கள். அதிலிருந்துதான் பாடச் சொற்களை எடுக்கிறார். நைனா முதலில் முழுதாகப் படித்த சொல் 'சங்கரா'.