நுரையீரல் ஸ்கிரீனிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்றுதான் விஷயம் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. சின்ன வயதிலிருந்தே பீடி. தொந்தரவு எதுவும் இல்லை, முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். 'லோ டோஸ் சிடி, நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங், 7,500 ரூபாய்' என்று வாசலிலேயே பேனர். லோ டோஸ் என்றால் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் ஸ்கேன். அப்பா தயங்கி நின்றார். கவுன்டரில் இருந்த பெண், "பயப்படாதீங்கப்பா, எங்க அப்பாவுக்கும் இங்கதான் எடுத்தோம்" என்றார். அப்பா முகம் தெளிந்துவிட்டது. பென்ஷன் பணம் 7,500 ரூபாயை மஞ்சப்பையிலிருந்து எடுத்து அவரே எண்ணிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் சிறு கட்டி, மருத்துவரை அணுகவும் என்று ஒரே வரி. எத்தனை மில்லிமீட்டர்? இல்லை. லங்-ராட்ஸ் வகை, அதாவது கட்டி எந்த அளவுக்குச் சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் தரவரிசை? அதுவும் இல்லை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை.

நெஞ்சக நோய் டாக்டர் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, கடைசியில் இருந்த டோஸ் பக்கத்தைக் காட்டினார். கதிர்வீச்சு அளவு 11 மில்லிகிரே. ஸ்கிரீனிங் என்றால் சராசரி உடல்வாகுக்கு 3-க்குள் இருக்க வேண்டும். அதாவது சாதாரண சிடியை எடுத்துவிட்டு லோ டோஸ் என்று பில் போட்டிருக்கிறார்கள். நுரையீரலைத் துண்டு துண்டாகக் காட்டும் படங்களும் 5 மி.மீ. தடிமன். சின்னக் கட்டியைச் சரியாக அளக்க 1 மி.மீ. அளவில் வேண்டுமாம். பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வேறு இடத்தில் எடுங்கள் என்றார்.

திரும்பிப் போய்க் கேட்டால், "டாக்டர் இல்லை", "மேனேஜரிடம் பேசுங்க", மேனேஜரோ "ரிப்போர்ட் கொடுத்துட்டோமே சார், அப்புறம் என்ன?" மெல்லிய படங்களையாவது கொடுங்கள் என்றால், மெஷினில் அழிந்துவிட்டதாம். அதே பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 7,500 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

அரசின் ஸ்கிரீனிங் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான் பரிசோதனை. நுரையீரலுக்கு இல்லாததால் இவர்கள் வைத்ததுதான் சட்டம்.

போகிறவர்கள் கவனியுங்கள். சிடி மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். டோஸ் பக்கமும் 1 மி.மீ. படங்களும் டிஸ்க்கில் வருமா என்று பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேவையும் ரத்தப் பரிசோதனையையும் மட்டும் வைத்து நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது ஸ்கிரீனிங்கே இல்லை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன், அப்பாவை மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப் போக வேண்டும்.