மாங்காய் மண்டியில் ஏஐ ஏஜென்ட்: கையேட்டில் எது உழைத்தது, எது சும்மா கிடந்தது

கிருஷ்ணகிரி பக்கம் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவருக்காக நான் எழுதிய டூல்கள் எல்லாமே சின்னச் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்கள்தான். ஒன்று எடைமேடைச் சீட்டுகளைச் சேர்த்து சிஎஸ்வி (அட்டவணை ஃபைல்) ஆக்கும், ஒன்று வண்டி எடையிலிருந்து காலி எடையையும் கழிவையும் கழித்து விவசாயி வாரியாகக் கணக்குப் போடும், இன்னொன்று பில் அடிக்கும். போன சீசனிலிருந்து இவற்றை நான் கையால் ஓட்டுவதில்லை. ஓட்டுவது ஏஐ ஏஜென்ட், அதாவது வேலையைச் சொன்னால் தானே கட்டளைகளை ஓட்டி முடிக்கிற மென்பொருள்: பெரும்பாலும் கிளாட் கோட், சில நாள் கோடெக்ஸ். ஏஜென்டுக்கு எப்படி ஆவணம் எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், அதில் சீசன் நெருக்கடியிலும் தாக்குப்பிடித்தது எது என்று மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தனி ஃபைலில் பக்கம் பக்கமாக எழுதியதைவிட, டூலின் ஹெல்ப்பிலும் பிழைச் செய்தியிலும் எழுதிய நாலு வரிதான் அதிகம் உழைத்தது. காரணம் எளிது. பெரிய ஃபைலை ஏஜென்ட் ஆரம்பத்தில் ஒரு தடவை படிக்கிறது, அப்புறம் வேலை நீள நீள அதன் பிடி தளர்கிறது. பிழைச் செய்தியோ, தடுக்கி விழுந்த அதே இடத்தில் கண்முன்னால் வந்து நிற்கிறது.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் 5/6/25 என்று இருக்கும். நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் ஜூன் 5 என்பார்கள், ஏஜென்ட் சில சமயம் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். சரி, டூல் அந்த மாதிரி தேதியை ஏற்கவே கூடாது என்று வைத்தாயிற்று. ஆனால் வெறும் ‘வேல்யூ எரர்’ என்று விழுந்தால் ஏஜென்ட் என்ன செய்கிறது தெரியுமா, ஸ்கிரிப்டையே திறந்து படித்து, தேதி சோதிக்கிற வரியை ‘சரி’ செய்யப் பார்க்கிறது! இப்போது செய்தி இப்படி வருகிறது: ‘தேதி வருடம்-மாதம்-நாள் வரிசையில் வேண்டும், உதாரணம் 2025-06-05. வந்தது 5/6/25. சீட்டில் எழுதுவது நாள்/மாதம்/வருடம்.’ என்ன தப்பு, என்ன வேண்டும், எப்படி மாற்றுவது, மூன்றும் அதிலேயே இருக்கிறது. அடுத்த முயற்சியில் தானே திருத்திக்கொண்டு போய்விடுகிறது.

எடையும் இதே கதை. மாங்கூழ் கம்பெனிக்காரர்கள் டன்னில் பேசுவார்கள், எங்கள் சீட்டு கிலோவில். இதை விளக்கி ஒரு பத்தி எழுதுவதற்குப் பதிலாக ‘எடை’ என்ற நெடுவரிசையின் பெயரை ‘நிகர எடை கிலோ’ என்று மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. பெயரை மாற்றினாலே போகிற சிக்கலுக்கு ஆவணம் எதற்கு?

டூல் நடந்துகொள்கிற விதத்தையும் ஆவணத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. திரையில் பிழை என்று அச்சடித்துவிட்டு வெளியேறும் எண்ணை (எக்ஸிட் கோட்) 0, அதாவது ‘வெற்றி’ என்று தந்தால், வேலை முடிந்தது என்றே ஏஜென்ட் நினைத்துக்கொள்ள இடமுண்டு. ‘பழைய பில்லை அழிக்கட்டுமா?’ என்று டூல் நடுவில் கேள்வி கேட்டு நின்றால் ஏஜென்டும் கூடவே நிற்கும். அதனால் கேள்வியை எடுத்துவிட்டு ‘ஒத்திகை’ என்று ஒரு ஆப்ஷன் வைத்தேன், எதையும் எழுதாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். உச்ச சீசனில் ஒரு நாள் சீட்டுகள் மொத்தத்தையும் திரையில் கொட்டினால் கான்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்கிற இடம்) அதிலேயே நிரம்பிவிடும், ஆகவே முதல் 20 வரி, மீதி இந்த ஃபைலில் என்று சொல்லி நிறுத்துகிறேன்.

அப்போ தனி ஃபைல் வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் சின்னதாக. ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்ற பெயரில் வைத்தால் கோடெக்ஸ் போன்றவை தானே படிக்கும் (2025 டிசம்பரில் அந்த வடிவம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் போயிற்று). கிளாட் கோட் தேடுவது கிளாட் டாட் எம்டி, அதில் ஏஜென்ட்ஸ் டாட் எம்டியை இழுத்துக்கொள்ளச் சொல்லி ஒரே வரி போட்டால் போதும். அந்த ஃபைலில் கோடைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை மட்டும் எழுதுகிறேன். எங்களுக்கு ரொம்ப வேண்டிய சிலரிடம் மாமா கழிவு பிடிக்க மாட்டார், அந்த இடத்தில் 0 இருந்தால் அது விடுபட்டதல்ல. இதை எந்த மாடலும் யூகிக்க முடியாது. போல்டர் அமைப்பு, எந்த லைப்ரரி எதற்கு என்று எழுதியதையெல்லாம் தூக்கிவிட்டேன், அதை அதுவே பார்த்துக்கொள்கிறது.

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் புரிகிறது, ஆனால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கிற துண்டு) அதிகம் ஆகிறது. அதனால் ஆப்ஷன் பெயர்கள் ஆங்கிலம், மண்டி வழக்கங்கள் தமிழ். இந்தக் கலவையில் இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (ஏஜென்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இவற்றைக் கட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரே கணினியில் ஓடுகிற மூன்று ஸ்கிரிப்டுக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

மாடல் மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு செஷன் திறந்து, எந்தக் குறிப்பும் தராமல் ‘நேற்றைய சீட்டுக்கு பில் போடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பேன். எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒரு வரி சேர்ப்பேன், எது இல்லாமலே ஓடுகிறதோ அதை அழிப்பேன். “ஏம்ப்பா, நீ அதுக்கு வேலை செய்யுறியா, அது உனக்கு வேலை செய்யுதா?” என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான், முதல் மாதம் வரைக்கும். விவசாயிகளுக்குப் பணம் அனுப்புவதை மட்டும் இன்னும் ஏஜென்டிடம் தரவில்லை. அதற்கு டூலே எழுதவில்லை, மாமாவே பில்லைக் கையில் வைத்துக்கொண்டு போனில் அனுப்புகிறார்.