விளக்குத்தூண் ஜவுளிக்கடையும் அதன் முக்காலிகளும்

தங்கையின் கல்யாண ஜவுளிக்காக மதுரை விளக்குத்தூண் பகுதியில் உள்ள மூன்று மாடிக் கடை ஒன்றில் சென்ற வாரம் ஐந்து மணி நேரம் இருந்தோம். சரக்கில் குறை சொல்ல அதிகமில்லை. முகூர்த்தப்பட்டின் ஜரிகையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மழுப்பாமல் பதில் வந்தது. விலையும் நாங்கள் முன்பே விசாரித்திருந்த இரண்டு கடைகளைவிடக் கூடுதலாக இல்லை.

பட்டுப் பிரிவில் பழைய வழக்கப்படி வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் விற்பனையாளரும் உட்கார்ந்து, எங்களையும் உட்காரவைத்துப் புடவைகளை விரித்துக் காட்டினார். இரண்டாம் மாடியில், சுடிதார்ப் பிரிவில், கண்ணாடி மேசைகளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்களில் ஒருவர்கூட நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் உட்காரவில்லை. அது மதிய வேளை. எங்களைத் தவிர அங்கே இரண்டு குடும்பங்கள்தான் இருந்தன.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இலேயே இப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்துவிட்டது. நாள் முழுவதும் நிற்பதால் வரும் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

இந்தக் கடையில் முக்காலிகள் இல்லாமல் இல்லை. மேசைகளுக்குப் பின்னே சுவரோரமாக நான்கைந்து பிளாஸ்டிக் முக்காலிகளை நானே பார்த்தேன். ஒவ்வொன்றின்மேலும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆய்வாளர் வந்து எண்ணினால் கணக்குச் சரியாகவே இருக்கும். எங்களுக்குத் துணி எடுத்துப் போட்ட பெண்ணிடம், "நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றேன். அவர் கூரைமூலையில் இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, பழகிருச்சு" என்றார். சூப்பர்வைசர் ஏதாவது சொல்வாரா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் மேலே கேட்டு அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளிகள் எண்ணுவார்கள் போலும். கீழே மெத்தையில் உட்கார்ந்தபடியே எங்களிடம் விலையுயர்ந்த பட்டை விற்ற அந்தப் பெரியவரிடம் எங்களுக்கு எந்த மரியாதைக் குறைவும் தெரியவில்லை.

பட்டு எடுக்க இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன்; சுடிதார்ப் பிரிவில் வேலையாட்கள் நடத்தப்படும் விதத்துக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண்ணுக்குமேல் தர மனம் வரவில்லை. பில் போடும் இடத்தில் இருந்த கருத்துப் புத்தகத்தில் முக்காலிகளின்மேல் இருக்கும் பெட்டிகளை எடுத்துவிடுங்கள் என்று எழுதி, 22-ஏ பிரிவையும் குறிப்பிட்டேன். மேலாளர் படித்துப் பார்த்து, "சொல்லிடுறேம்மா" என்றார். ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த புடவைகளை வாங்க அடுத்த வியாழக்கிழமை போகிறேன். இரண்டாம் மாடிக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன்.