லாஸ்பேட்டையில் ஒரு சின்னப் பூங்கா: பிள்ளைகளோடும் நாயோடும் சில வருட அனுபவம்

புதுச்சேரியில் பூங்கா என்றதும் எல்லாரும் பாரதி பூங்காவையும் ஆயி மண்டபத்தையும்தான் சொல்வார்கள். அடுத்து 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. இரண்டுமே அழகு. ஆனாலும் இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று அன்றாடம் போய்வர எனக்குப் பிடித்தது லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பூங்காதான். நாலு வேப்பமரம், வரிசையாகப் புங்கன், ஊஞ்சல், சறுக்குமரம், சுற்றிவர சிமெண்ட் நடைபாதை. அவ்வளவுதான். ஆனால் வண்டிச் சத்தம் உள்ளே வராது. சின்னவள் பூங்காவின் எந்த மூலையில் நின்றாலும் என் கண்ணில் படுவாள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

இத்தனை நாள் போனதில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று: நாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. மாலை ஐந்து மணிக்கு மேல் பந்தும் சைக்கிளும் கூச்சலுமாக இருக்கும். ஓடுகிற எதையும் துரத்துவது வேட்டைநாய்க்குப் பிறவிக்குணம். எங்கள் கருப்பி சிப்பிப்பாறைக் கலப்பு, கேட்கவே வேண்டாம். அதனால் அவளுக்கு விடியற்காலை, பிள்ளைகளுக்கு மாலை. ஞாயிறு காலையில் மட்டும் எல்லாரும் சேர்ந்து போவோம். பெல்ட்டை ஒருபோதும் கழற்றுவதில்லை. “ஒண்ணும் பண்ணாது” என்று அவிழ்த்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நாய்க்குப் பயந்த ஒரு குழந்தைக்கும் அந்த இடம் சொந்தம்தானே.

இங்கு வரும் பிள்ளைகள் அருமையாகப் பழகியிருக்கிறார்கள். “ஆன்ட்டி, தொடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே வருவார்கள். முதலில் நாய் மோந்து பார்க்கட்டும், பிறகு தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் கழுத்தோரம் தடவுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பூங்காவிலேயே கிடக்கும் தெருநாய்களுக்குக் காது நுனியில் சின்ன வெட்டு உண்டு. கருத்தடை செய்ததற்கான அடையாளம் அது. அவை சாதுதான், ஆனால் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகக் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்கு ஓட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். கருப்பிக்கு வருடம் தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போடுகிறோம்.

கத்திரி வெயிலில் காலை ஒன்பது மணிக்கே நடைபாதை கொதிக்கும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பார்ப்பேன். நமக்குப் பொறுக்கவில்லை என்றால் அவள் பாதத்துக்கும் பொறுக்காது. மழைக்காலத்தில் வேறு பாடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் நம்ம ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது பூங்கா குளமாகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் மண்ணில் விடவில்லை. நாய்க்கழிவு கலந்த ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் வெறும் பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போகும். கழிவை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான். பழைய செய்தித்தாள் போதும். வீட்டுக்கு வந்ததும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். உண்ணிக்காய்ச்சல் நாயை உருக்கிவிடும்.

குறைகளும் உண்டு. பின்பக்க விளக்கு எரிந்ததை நான் பார்த்ததே இல்லை, குழாயில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். வேலியோரம் அரளி வைத்திருக்கிறார்கள். பூ அழகுதான், ஆனால் இலை முதல் பூ வரை அத்தனையும் விஷம். எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளையையும் நாய்க்குட்டியையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். அதை எடுத்துவிட்டு நந்தியாவட்டை வையுங்கள் என்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறோம்.

புதிதாக வருகிறவர்கள் பங்குனி, சித்திரையில் காலை ஆறு மணிக்கு வாருங்கள். புங்கம்பூ உதிர்ந்து பாதையே வெளுத்துக் கிடக்கும். நாய்க்கு ஒரு பாட்டில் தண்ணீரும் கிண்ணமும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.