பெட்டியா, பிரின்டரா? மேசைப் போர்விளையாட்டின் நாளை

வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்திப் போரிடும் மினியேச்சர் போர்விளையாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆரூடத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஒட்டிய வீரனின் பசை காய்வதற்குள் விதிநூலின் அடுத்த பதிப்பு வந்துவிடும் என்பார் ஒருவர். இனி படைக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பார் இன்னொருவர். சொல்பவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு படையை வண்ணம் தீட்டி முடிக்க எத்தனை இரவுகள் விழிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பு எந்த வழியில் போனால் அதிக நாள் நிலைக்கும்? இதுதான் என் கேள்வி.

முதலில் பெட்டி, அதாவது கடையில் வாங்கி ஒட்டிச் சேர்க்கும் பொம்மைகள். 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் இன்று நாட்டிங்ஹாமில் இருந்து வார்ஹாமர் ஆட்டங்களின் பொம்மைகளையும் விதிநூல்களையும் உலகம் முழுவதும் விற்கிறது. 2024 முடிவில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. அதன் பிளாஸ்டிக்கை யாரும் குறை சொல்ல முடியாது. எஃகு அச்சில் வார்த்த சட்டத்திலிருந்து ஒரு கையை வெட்டியெடுத்து, கத்தியின் முதுகால் அச்சுக்கோட்டைச் சுரண்டிவிட்டுத் தோளில் வைத்தால், தானாகவே பொருந்தி உட்காரும். பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் மேசையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சிக்கல் பொம்மையில் இல்லை, ஆட்ட விதியில் இருக்கிறது. எதிர்கால உலகில் நடக்கும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்துக்கு 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. வாளும் மந்திரமுமாக 1983-இல் பிறந்த பழைய வார்ஹாமரின் கதை இன்னும் கடுமையானது. 2015-இல் அந்த ஆட்டமே நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த புதிய ஆட்டத்தில் வீரர்கள் நிற்கும் அடித்தட்டுகள் வட்டம். சதுரத் தட்டுகளில் வரிசையாக நின்ற படைகளைப் பலர் பெயர்த்தெடுத்து வட்டத்துக்கு மாற்றினார்கள். 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் பழைய ஆட்டம் திரும்பி வந்தது, சதுரமும் திரும்பியது. ஆனால் மனிதக் காலாட்களின் தட்டு 20 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆகிவிட்டது. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அறுபது வீரர்களின் காலடியை அறுத்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது ரெசின் பிரின்டர், அதாவது திரவப் பிசினிலிருந்து வீட்டிலேயே வீரர்களை அச்சிடும் முப்பரிமாணக் கருவி. ஆரூடக்காரர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. 0.05 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காகப் புற ஊதா ஒளியில் ரெசினை இறுகவைத்து, கண் இமையின் மடிப்புவரை எடுத்துத் தந்துவிடும். ஒரே உயரத்தில் ஒரு வீரனை அச்சிட்டாலும் பத்து வீரர்களை அச்சிட்டாலும் ஆகும் நேரம் ஒன்றுதான் என்பது அதன் பெரிய வரம்.

வரத்துக்கு விலையும் உண்டு. இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமுள்ள அறை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவல், மறுபடியும் புற ஊதா ஒளியில் பதப்படுத்தல் என்று ஒரு சிறிய ஆய்வுக்கூடமே தேவைப்படும். ஓர் இரவு பன்னிரண்டு ஈட்டிக்காரர்களை அச்சிடப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில், வீரர்கள் ஒட்டித் தொங்க வேண்டிய மேல்தட்டு வெறுமையாக இருந்தது; எல்லாமே தொட்டியின் அடிப்படலத்தில் அப்பளம்போல் ஒட்டிக்கிடந்தன. மறுமுறை சரியாக வந்தது. ஆனால் அச்சிடும்போது வீரனைப் பிடித்திருக்கும் தாங்குகால்களைக் கிள்ளும்போது மூன்று ஈட்டிமுனைகள் சொடக்கென்று முறிந்தன. சாதாரண ரெசின் வளையாது. அதோடு, கேம்ஸ் வொர்க்‌ஷாப் தானே நடத்தும் போட்டிகளில் வீட்டில் அச்சிட்ட படைக்கு இடமில்லை.

டேபிள்டாப் சிமுலேட்டர் போன்ற திரை ஆட்டம் தொலைதூர நண்பருக்கு நல்லது. தூரிகைக்கு அங்கே வேலை இல்லாததால் அதை நான் போட்டியாகக் கருதவில்லை.

ஆரூடக்காரர்கள் மறந்துவிடும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்: உண்மையில் நடந்த போர்களை ஆடும் வரலாற்றுப் போர்விளையாட்டு. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் யாருடைய சொத்தும் அல்ல. கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்குப் பல ஆண்டுகள் சிற்பம் செய்த பெரி சகோதரர்களின் 28 மில்லிமீட்டர் பிரெஞ்சுக் காலாட்கள், வேறொரு நிறுவனத்தின் குதிரைப்படைக்குப் பக்கத்தில் சங்கடமின்றி நிற்பார்கள். விதியோ உங்கள் விருப்பம். வார்ஹாமரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிக் பிரீஸ்ட்லி, ஜெர்விஸ் ஜான்சனுடன் சேர்ந்து எழுதிய பிளாக் பவுடர் என்ற விதிநூல் இன்ன அளவுத் தட்டுதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அது பிடிக்கவில்லையா, விதிநூலை மட்டும் மாற்றுங்கள். படை அப்படியே இருக்கும். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் தன் போர்விளையாட்டு விதிகளை வெளியிட்டபோதும் கடையில் கிடைத்த ஈயப் பொம்மை வீரர்களே படையானார்கள்.

விதி வேறு, பொம்மை வேறு என்ற இந்தப் பிரிவினை கற்பனை உலகத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற நிறுவனம் தன் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது, யார் செய்த பொம்மை என்றும் கேட்பதில்லை. பிரின்டருக்கு உண்மையான எதிர்காலம் இங்கேதான் என்று நினைக்கிறேன். யார் செய்த பொம்மையானாலும் சரி என்று விதி ஏற்கும்வரை அச்சிட்ட வீரன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் பிளாஸ்டிக் வீரர்கள் உள்ள ஒரே ஒரு பெட்டி வாங்கச் சொல்வேன், பிரின்டரை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைக்கச் சொல்வேன். தட்டுகளில் வீரர்களை நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். வீரனின் அடியில் சின்னக் காந்தம் ஒன்றையும் தட்டில் இரும்புத் துண்டு ஒன்றையும் பதியுங்கள். தட்டு சதுரமானாலும் வட்டமானாலும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.