டர்ஹாமுக்கு இரண்டு மணி நேரம் போதாது

முதல் முறை டர்ஹாம் போனபோது, யார்க்கிலிருந்து எடின்பரோ போகிற வழியில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டே மேடேறி, கதீட்ரலை ஒரு சுற்று சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். மொத்தம் இரண்டரை மணி நேரம். அங்கே என்ன பார்த்தாய் என்று பிறகு யாராவது கேட்டால், பெரிய பெரிய தூண்கள் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இருந்ததில்லை. போன அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன், இந்த முறை ஒரு ராத்திரி தங்கினோம். இங்கிலாந்துப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் டர்ஹாமைப் "போகிற வழியில்" பார்க்கும் ஊர்களோடு சேர்க்காதீர்கள். ஒரு ராத்திரி ஒதுக்குங்கள், முடியாவிட்டால் மாலை வழிபாடு முடியும் வரையாவது இருங்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேர் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து எடுங்கள். ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ரயில் ஒரு உயரமான கல் பாலத்தில் மெதுவாக ஊர்கிறது. கீழே வீடுகளின் கூரைகள், அதற்கு அப்பால் மரங்கள் அடர்ந்த குன்று, குன்றின் மேல் மூன்று கோபுரங்களோடு கதீட்ரல், பக்கத்தில் கோட்டை. வியர் நதி அந்தக் குன்றை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுவதால் பழைய ஊர் கிட்டத்தட்ட ஒரு தீவு மாதிரி. எதிரிகள் வர ஒரே ஒரு பக்கம்தான், அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் கோட்டை. கதீட்ரலும் கோட்டையும் சேர்ந்து 1986லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஊர் முழுக்க ஏற்ற இறக்கம்தான். கடைத்தெருவிலிருந்து கதீட்ரலுக்கு ஏறும் சந்தில் உருண்டைக் கற்கள் பாவியிருக்கிறார்கள், மழை பெய்தால் வழுக்கும். அம்மாவுக்கு அது சரிப்படாது என்பதால் ஸ்டேஷனிலிருந்து நேராக டாக்ஸி பிடித்து மேலே பாலஸ் கிரீன் என்ற புல்வெளி வரை போய்விட்டோம். சொந்தக் காரில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வருவது நல்லது. அந்தக் குறுகலான தெருவுக்குள் வண்டிகள் வருவதைக் குறைக்க 2002லேயே கட்டணம் வைத்துவிட்டார்கள், லண்டனுக்கே அது அடுத்த வருஷம்தான் வந்தது.

கதீட்ரலுக்குள் போகக் கட்டணம் இல்லை. யார்க்கிலும் கேன்டர்பரியிலும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும், இங்கே வாசலில் நன்கொடைப் பெட்டிதான் இருக்கிறது. மனம் வந்து போட்டுவிட்டுப் போங்கள், இவ்வளவு பெரிய கல் கட்டிடத்தைப் பராமரிக்கிற செலவு எவ்வளவு இருக்கும் என்று நின்று பார்த்தாலே தெரியும். மியூசியத்துக்கும் கோபுரம் ஏறுவதற்கும் மட்டும் தனி டிக்கெட்.

உள்ளே போனதும் அந்தத் தூண்கள். உயரமும் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே 6.6 மீட்டர் அளவில். ஒவ்வொரு ஜோடித் தூணிலும் வெவ்வேறு கோலம் வெட்டியிருக்கிறார்கள், ஒன்றில் வளைந்து வளைந்து ஏறும் வரி, அடுத்ததில் வைரக்கட்டம், இன்னொன்றில் மேலும் கீழுமாக மடங்கும் கோடு. முதல் முறை இதையெல்லாம் படம் எடுத்தேனே தவிர பார்க்கவில்லை. அம்மா ஒரு தூணின் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே சுற்றி வந்தார், எனக்கு அப்போதுதான் இதைச் செதுக்கியவன் ஒவ்வொரு கல்லையும் மேலே ஏற்றுவதற்கு முன்பே கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பான் என்பது உறைத்தது. 1093இல் அடிக்கல் போட்டு 1133க்குள் பிரதான மண்டபத்தை முடித்துவிட்டார்கள். நமக்குப் பிடிபடுகிற மாதிரி சொன்னால், முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில் ஆரம்பித்து அவன் காலத்துக்குச் சற்றுப் பின்னால் முடிந்த வேலை. தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். விலா எலும்பு மாதிரி குறுக்கே ஓடும் கல் வளைவுகளின் மேல் மொத்தக் கூரையையும் தாங்க வைத்தது ஐரோப்பாவிலேயே இவ்வளவு பெரிய அளவில் இங்கேதான் முதலில் என்கிறார்கள். பின்னால் வந்த கூர் வளைவுக் கோயில்களுக்கெல்லாம் வழி காட்டியது இந்தக் கூரை.

தரையையும் பார்க்க மறக்காதீர்கள். மேற்குக் கோடியில், தூண்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கறுப்புக் கல் வரி பதித்திருக்கிறது. பக்கத்து ஊரான ஃப்ராஸ்டர்லியிலிருந்து வந்த கல், உற்றுப் பார்த்தால் அதற்குள் பழங்காலப் பவளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். 1539 வரை இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அந்தக் காலத்தில் பெண்கள் இந்த வரியைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. மெரூன் அங்கி போட்ட தன்னார்வலர் ஒருவர் இதை விளக்கினார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த வரியைத் தாண்டி நேராக உள்ளே நடந்தார். அந்தத் தன்னார்வலர்களைப் பற்றி ஒரு வார்த்தை, கேட்டால் அவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் தொந்தரவு செய்வதில்லை. நான் பார்த்த எந்தப் பெரிய ஆலயத்திலும் இந்த அளவு நல்ல உபசரிப்பு கிடைத்ததில்லை.

இந்த ஊரே உண்டானது ஒரு உடலுக்காக. கத்பர்ட் என்ற துறவி 687இல் இறந்தார், லிண்டிஸ்ஃபார்ன் தீவில் புதைத்தார்கள். வைக்கிங் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து 875இல் துறவிகள் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டுக் கிளம்பி, பல இடங்களில் சுற்றி, 995இல் இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். நூற்றிருபது வருஷம், அதாவது பெட்டியைத் தூக்க ஆரம்பித்தவர்களின் பேரன் பேத்திகளும் போன பிறகு. இப்போது பீடத்துக்குப் பின்னால் சில படி ஏறினால் அவருடைய சமாதி. எட்டாம் ஹென்றி காலத்தில் அலங்காரமெல்லாம் உடைத்து எடுத்துவிட்டார்கள், மிஞ்சியது வெறும் கற்பலகை, அதில் பெயர் மட்டும். மியூசியத்தில் அவருடைய மரப்பெட்டியின் துண்டுகளும் கழுத்தில் கிடந்த தங்கச் சிலுவையும் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சிலுவை, சிவப்புக் கல் பதித்தது, அதற்காகவே மியூசியம் டிக்கெட் தகும்.

மேற்குப் பக்கக் கலிலி சிற்றாலயத்தில் பீட் இருக்கிறார், 735இல் இறந்த வரலாற்றாசிரியர். கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் முறை பரவ அவருடைய எழுத்துதான் பெரிய காரணம், நாம் கி.பி. என்று எழுதும்போதெல்லாம் அவருக்கும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம். அந்தச் சிற்றாலயத்தில் தூண்கள் மெலிதாக, வெளிச்சமாக இருக்கும். அரைமணி நேரம் உட்காருங்கள்.

எனக்கு மனசு கனத்தது வேறு இரண்டு இடங்களில். 1650இல் டன்பார் போரில் தோற்ற ஸ்காட்லாந்து வீரர்களை, ஏறக்குறைய மூவாயிரம் பேரை, இந்தக் கதீட்ரலுக்குள் அடைத்து வைத்தார்கள். பசி, நோய், குளிர், ஏறக்குறைய 1,700 பேர் செத்துப்போனார்கள். குளிருக்கு உள்ளே இருந்த மரச்சாமான்களை எரித்தார்களாம், தெற்குப் பக்கம் இருக்கும் பழைய கடிகாரத்தை மட்டும் அதில் ஸ்காட்லாந்தின் முட்செடிச் சின்னம் இருந்ததால் விட்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதே தெரியாமல் இருந்தது. 2013இல் பாலஸ் கிரீன் நூலகத்தில் கட்டிட வேலைக்குத் தோண்டியபோதுதான் எலும்புகள் கிடைத்தன, அதாவது நாங்கள் டாக்ஸியிலிருந்து இறங்கி நின்ற புல்வெளியின் ஓரத்தில். இன்னொன்று, நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தவர்களுக்கான நினைவிடம். இருண்ட மர வேலைப்பாடு, பக்கத்தில் ஒரு சுரங்க விளக்கு. இந்த மாவட்டமே ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்தது. சுரங்கமெல்லாம் மூடிய பிறகும் ஜூலையில் ஒரு சனிக்கிழமை தொழிலாளர்கள் கொடிகளும் பித்தளை வாத்தியங்களுமாக ஊர்வலம் வருகிறார்கள், அன்றைக்கு சில கொடிகள் கதீட்ரலுக்குள்ளேயே வரும். அந்த நாளில் அமைதியாகச் சுற்றிப் பார்க்க நினைத்தால் முடியாது, ஊர்வலத்துக்காகவே போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

சரி, மாலை வழிபாட்டுக்கு வருகிறேன். ஈவன்சாங் என்பார்கள். நாங்கள் போன அன்று ஐந்தரை மணிக்கு, யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டணம் கிடையாது, மதம் கேட்பதில்லை. பதினைந்து நிமிஷம் முன்னால் போனால் பாடகர்களுக்குப் பக்கத்திலேயே, செதுக்கிய மர இருக்கைகளில் இடம் கொடுப்பார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று ஒரு தாளில் இருக்கும், போனை அணைத்துவிடுங்கள். பகல் கூட்டமெல்லாம் போய், வெளியே இருட்டி, விளக்குகள் மட்டும் எரிகிற அந்த நேரத்தில் கட்டிடம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அன்று பாடியது சிறுமிகள். இங்கே பாடகர் குழுவில் பெண் பிள்ளைகளைச் சேர்த்தது 2009இல்தான், அவர்கள் நின்று பாடிய இடம் அந்தக் கறுப்பு வரிக்கு வெகு தூரம் உள்ளே. ஒரு வரி முடிந்து குழு வாயை மூடிய பிறகும் சத்தம் கூரையில் கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா என் கையைத் தட்டி, "நின்ன பிறகும் மேல கேக்குதுடா" என்று மெதுவாகச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதல் முறை நான் தவறவிட்டது இதைத்தான், அந்த நேரத்துக்கு நான் எங்கோ ரயிலில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபுரம் 325 படி, குறுகலான சுழல் படிக்கட்டு, மறுநாள் காலை நான் மட்டும் ஏறினேன். வானம் தெளிவாக இருந்தால் நதி வளைவது முழுசாகத் தெரியும், மூடியிருந்தால் காசையும் மூச்சையும் மிச்சம் பிடியுங்கள். கோட்டையைத் தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 1830களிலிருந்து அது பல்கலைக்கழகத்தின் கல்லூரி, மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள், பழைய பெரிய கூடத்தில் இன்றும் சாப்பிடுகிறார்கள். பட்டமளிப்பு நாட்களில் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம், தேதி பார்த்துப் போங்கள். நாங்கள் தங்கிய விடுதி சுமார்தான், ஹீட்டர் ராத்திரி பாதியில் நின்றுவிட்டது, கூப்பிட்டதற்கு யாரும் வரவில்லை. எந்த விடுதியானாலும் வயதானவர்களோடு போகிறவர்கள் லிஃப்ட் இருக்கிறதா, ராத்திரியில் ஆள் இருப்பார்களா என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு, கதீட்ரலிலேயே பழைய கல் வளைவுகளுக்குக் கீழே ஒரு உணவகம் இருக்கிறது, சூப்பும் ஸ்கோனும் நன்றாக இருந்தன. கீழே மார்க்கெட்டில் இந்தப் பகுதிக்கே உரிய ஸ்டாட்டி என்ற தட்டையான கெட்டி ரொட்டி கிடைக்கும். பீஸ் புட்டிங் என்று ஒன்றையும் சொல்வார்கள், உடைத்த பட்டாணியை வேகவைத்து மசித்தது, பார்க்க நம் பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும். சைவக்காரர்கள் வாங்குவதற்கு முன் கேளுங்கள், பல இடங்களில் அதைப் பன்றி இறைச்சி வேகவைத்த நீரில்தான் செய்கிறார்கள்.

இரண்டாம் நாள் மதியம் நதியோரம் போனோம். பிரெபெண்ட்ஸ் பாலத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேல் கதீட்ரல் எழுந்து நிற்கும், அக்டோபர் இலைகளோடு அந்தக் காட்சியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். இறங்கும் பாதையில் ஈர இலைகள் கிடந்தன, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். திரும்ப மூன்றரை மணி ரயில் என்று திட்டம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அம்மா கேட்டார், "இன்னைக்கும் பாடுவாங்களா?" ஆஃப் பீக் டிக்கெட் என்பதால் பிந்தின ரயிலிலும் ஏறலாம், கேட்டு உறுதி செய்துகொண்டு மறுபடி மேலே டாக்ஸி பிடித்தோம். அன்று பாடியது பையன்கள். லண்டன் வந்து சேர ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது.